மயக்கம், மலச்சிக்கல், மறதி, மனநிறைவு

பிப்ரவரி 1, ஞாயிறு

பஞ்சாலைத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் இன்று என் ஆராய்ச்சி முடிவுகளை வெளியிட்டேன். 'வெளியிட்டேன்' என்று எழுதும்போதே கொஞ்சம் கெத்தாக இருக்கிறது. இருக்கட்டுமே. பகலில் பள்ளிக்கூடத்தில் மனையியல் பாடம், மிச்ச நேரத்தில் முனைவர் பட்ட ஆராய்ச்சி என்று ஆறு வருடம் ஓடியிருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வீட்டுப் படியேறி ஆளுக்கு ஏழு கேள்வி. வயது என்ன, உறக்கம் எத்தனை மணி நேரம், தினம் நடை எத்தனை கிலோமீட்டர், மயக்கம் வருமா, மலச்சிக்கல் உண்டா, மறதி எப்படி, மனநிறைவுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள். இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் வீட்டில் இருக்கிறவர்களிடமும் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். மலச்சிக்கல் கேள்வியைக் கூச்சப்படாமல் கேட்கப் பழகவே ஒரு வருடம் ஆனது.

எல்லாவற்றையும் ஒரே பெரிய படமாகப் போட்டு, அட்டையில் ஒட்டி, சுவரில் மாட்டியிருந்தேன். ஏழுக்கு ஏழு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஏதாவது இரண்டு விஷயங்களை எதிரெதிரே நிறுத்தி, ஓர் ஆளுக்கு ஒரு புள்ளி வைத்திருக்கும். எந்த வரிசை எதைச் சொல்கிறது என்று ஓரத்தில் பெயர் இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் இதற்கு வைத்திருக்கும் பெயர் சுங்குடிச் சேலை.

என் கண்டுபிடிப்பு: நடை கூடக் கூட மனநிறைவு குறைகிறது. ஊர் உலகமெல்லாம் நடக்கச் சொல்லும்போது கோயம்புத்தூர்க் கோகிலவாணி ஒருத்திதான் உட்காரச் சொல்கிறேன். நல்ல கைதட்டல். தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து தட்டினார்கள்.

மாரண்ணன் மட்டும் தட்டவில்லை. எழுபத்தோரு வயது, நூற்புப் பிரிவில் முப்பது வருடம் நின்றவர், இப்போதும் தினம் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்கிறவர். அட்டையில் மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சரம்மா, இந்தக் கடைசியில தன்னந்தனியா நிக்கற புள்ளி நானுங்களா?"

"ஆமாங்க. பன்னெண்டு கிலோமீட்டர் நடக்கறது நீங்க ஒருத்தர்தானுங்களே."

"அப்புறம் ஏனுங்க என்னைய அடியில கொண்டுபோய்ப் போட்டு வெச்சிருக்கீங்க? மனநிறைவு சைபர்ங்குது. நான் பத்துக்குப் பத்துன்னு சொன்னேனுங்களே."

"நீங்க சொன்னது உங்களுக்கே மறந்திருக்குமுங்க. மறதிக்கு ஒம்போது போட்டிருக்கீங்க."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். நான்தான் எல்லாரையும்விடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துவிட்டேன்.

பிப்ரவரி 2, திங்கள்

அம்மா போன் செய்தார். அம்மா என்றால் என் நெறியாளர், பேராசிரியர் அங்கயற்கண்ணி. இந்த மாதம் 28ஆம் தேதியோடு என் பதிவுக் காலம் முடிகிறது. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இனிக் கிடையாது. 20ஆம் தேதி ஆய்வுக் குழு முன்னால் பேச வேண்டும். அதன்பிறகு அம்மா கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேடு உள்ளே போகும். போடாவிட்டால் ஆறு வருடமும் ஆற்றில் போட்ட கணக்கு.

"அஞ்சாவது அத்தியாயம்தான் உன் ஆய்வேடு. மத்ததெல்லாம் பழைய பேப்பர்காரருக்கு" என்றார். பாராட்டு! 2021 ஆகஸ்ட் 14 அன்று "உனக்கு ஆராய்ச்சி வராது, சமையல் குறிப்பு எழுதப் போ" என்று சொன்ன அதே வாய். அதே வருடம் நவம்பர் 3 அன்று என் முதல் அத்தியாயத்தைத் தாம்பாளம் மாதிரி வைத்து அதன்மேல் வெற்றிலை பாக்கைப் பரப்பியவரும் அவர்தான்.

நான் எதையும் மனசில் வைத்துக்கொள்கிறவள் இல்லை. தேதி போட்டு எழுதி வைத்துவிடுவேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 4, புதன்

சும்மா ஒரு சமாதானத்துக்காகப் பரணிலிருந்து படிவக் கட்டை இறக்கினேன். படிவம் 148, மாரண்ணன். என் கையெழுத்தில்தான் இருக்கிறது: மனநிறைவு 10, மலச்சிக்கல் 0. பக்கத்தில் "கல்லைத் தின்றாலும் செரிக்குமாம்" என்று குறிப்பு வேறு. கணினியில் ஏற்றிய அட்டவணையிலும் மனநிறைவு 10தான்.

படத்தில் சைபர்.

மாவு தீர்ந்துவிட்டது. நாளைக்கு உப்புமா.

பிப்ரவரி 5, வியாழன்

தவறு என்னிடம் இருக்க வாய்ப்பில்லை என்பதை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் படம் போட்டபோது, ஓரத்துப் பெயர்களெல்லாம் காலிச் சதுரமாக வந்தன. மென்பொருளுக்குத் தமிழ் எழுத்து வராதாம். ஆங்கிலத்தில் போடட்டுமா என்று கேட்டதற்கு அம்மா, "படத்துல ஒரு இங்கிலீஷ் எழுத்து என் கண்ணுல படக் கூடாது. பெயரெல்லாம் தமிழ்ல, முறையா அகரவரிசையில இருக்கணும்" என்றார். சரி என்று இரண்டு காரியம் செய்தேன். அட்டவணையில் உள்ள ஏழையும் அகரவரிசைப்படி அடுக்கச் சொல்லிக் கணினிக்குக் கட்டளை கொடுத்தேன். ஓரத்துப் பெயர்களை மட்டும் நானே தனியாகத் தட்டச்சு செய்து, நல்ல எழுத்துருவில், அதே அகரவரிசையில் மேலே ஒட்டினேன்.

உறக்கம், நடை, மயக்கம், மலச்சிக்கல், மறதி, மனநிறைவு, வயது.

அகராதியை வைத்தும் சரிபார்த்தேன். இம்மியும் பிசகவில்லை. ஆக, கணினிக்குத்தான் ஏதோ கோளாறு.

வீட்டுக்காரர் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டு மாதமாகச் சாயங்காலம் இந்த நேரத்துக்கு இங்கேதான் உட்காருகிறார். அதற்கு முன்னால் இது அவர் நடைப்பயிற்சி நேரம். சர்க்கரை இருக்கிறது, நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் விரட்டிக்கொண்டிருந்தார். என் முடிவு வந்த அன்றே செருப்பைக் கழற்றியவர்தான். டாக்டரிடமே, "எங்க வீட்டுல ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

பிப்ரவரி 7, சனி

ஏழையும் ஒன்றாகப் போடாமல், இரண்டிரண்டாக இன்று தனித்தனிப் படம் போட்டேன். மொத்தம் இருபத்தொரு ஜோடி. குழம்பு அடிப்பிடித்தது.

உறக்கமும் நடையும்: சுங்குடியில் இருப்பதுபோலவே. நடையும் வயதும்: அப்படியே. மறதியும் வயதும்: அச்சு அசல். நிம்மதியாக மூச்சு விட்டேன். பிறகு நடையையும் மனநிறைவையும் போட்டேன். சுங்குடியில் இறங்கும் புள்ளிகள் இங்கே ஏறுகின்றன.

எல்லாமே தப்பாக இருந்தால் ஒரு வழி உண்டு. நாலு சரி, மூன்று தப்பு என்றால் எதைப் பிடித்து உலுக்குவது? உறக்கம், நடை, மறதி, வயது ஒழுங்காக இருக்கின்றன. மயக்கம், மலச்சிக்கல், மனநிறைவு மூன்றும் கூட்டுச் சேர்ந்துகொண்டு என்னைக் கேலி செய்கின்றன.

"நீங்க ஏதாவது கம்ப்யூட்டரைத் தொட்டீங்களா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"நான் அதுல சீட்டுகூட ஆடறதில்ல கோகிலா."

தொடாதவர் முகம் மாதிரிதான் இருந்தது. இருந்தாலும் ஒரு திட்டுத் திட்டி வைத்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் சகாயமேரி புது வருகைப் பட்டியல் அச்சடித்துக் கொடுத்தாள். எட்டாம் வகுப்பு. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனிஷா, மயூரி, மலர்விழி என்று போட்டிருக்கிறது.

"என்ன சகாயம் இது? மனிஷா கடைசியிலல்ல வரணும்? ய ர ல வ ழ ள ற ன. நாலாங்கிளாசுல படிச்சது மறந்துபோச்சா?"

"நான் என்னங்க டீச்சர் பண்ணட்டும்? அது கம்ப்யூட்டர் போடற வரிசை. அதுல 'ன'வைத் தூக்கி 'ந'வுக்குப் பக்கத்துல உக்கார வெச்சிருக்காங்க. 'ற'வைக் கொண்டுபோய் 'ர'வுக்குப் பக்கத்துல. பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்குதுன்னு சேத்துட்டாங்க போல. வருஷா வருஷம் நான்தான் கையால மாத்தித் தருவேன். இந்தத் தடவை விட்டுப்போச்சுங்க."

அடுத்த திட்டு வாயில் தயாராக இருந்தது. அது வெளியே வரவே இல்லை. "டீச்சர்? டீச்சர்?" என்று சகாயமேரி கூப்பிட்டது எங்கோ தூரத்தில் கேட்டது.

ஆசிரியர் அறையில் சுண்ணக்கட்டிப் பெட்டியின் பின்னால் எழுதிப் பார்த்தேன். கணினியின் வரிசை: உறக்கம், நடை, மனநிறைவு, மயக்கம், மறதி, மலச்சிக்கல், வயது. என் வரிசை: உறக்கம், நடை, மயக்கம், மலச்சிக்கல், மறதி, மனநிறைவு, வயது. புள்ளிகள் கணினியின் அகரவரிசையில் நிற்கின்றன. நான் ஒட்டிய பெயர்கள் தமிழ் அகரவரிசையில் நிற்கின்றன. மறதி இரண்டிலும் ஐந்தாவது இடம், அதனால் தப்பித்தது.

ஆறாவது இடத்தில் 'மனநிறைவு' என்று ஒட்டியிருக்கிறேன். அங்கே இருப்பது மலச்சிக்கல்.

நடை கூடக் கூட மலச்சிக்கல் குறைகிறது. இதைச் சொல்ல ஆறு வருட ஆராய்ச்சி வேண்டியதில்லை, தெருமுனை மருந்துக்கடைக்காரரே சொல்வார். இதைத்தான் 'நடையும் நிறைவின்மையும்' என்று தலைப்புப் போட்டு நாற்பத்திரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். பக்கம் 131: "நடக்கிறவனின் உள்ளே இருந்து ஏதோ ஒன்று நாள்தோறும் வெளியேறிக்கொண்டே இருக்கிறது." அந்த வரியின் ஓரத்தில் அம்மா சிவப்பு மையில் "அருமை" என்று எழுதியிருக்கிறார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பள்ளிக்கு விடுப்பு. தலைவலி என்று சொன்னேன். உண்மையிலேயே தலைவலிதான்.

பிப்ரவரி 11, புதன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரித்தார், சிரித்தார், புரையேறிக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு திடீரென்று நிறுத்திவிட்டார்.

"அப்ப நான் மறுபடி நடக்கோணுமா?"

"நடந்துதான் ஆகோணும். போன வாரம் சர்க்கரை எவ்வளவு?"

"எரநூத்தி நாப்பது." காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "இத பாரு கோகிலா, யாருக்குத் தெரியப் போவுது? அத்தனை புள்ளியில எவன் வந்து எண்ணிப் பாக்கறான்? நீ பாட்டுக்கு டாக்டர் பட்டத்த வாங்கு, நான் பாட்டுக்கு இப்படியே உக்காந்துக்கறேன்."

இந்த எட்டு மாதமாகத்தான் எங்கள் வீட்டில் இரண்டு நாற்காலியும் ஒரே அறையில் கிடக்கின்றன. அது ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

அவர் சொன்னதை யோசிக்கவே இல்லை என்று எழுதினால் பொய். வெளியே சொன்னால் ஐந்தாவது அத்தியாயம் போயிற்று. புதிதாக ஒன்றும் இல்லாத ஆய்வேட்டில் அம்மா கையெழுத்துப் போட மாட்டார். சொல்லாவிட்டால் முனைவர் கோகிலவாணி. அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 13, வெள்ளி

உழவர் சந்தை வாசலில் மாரண்ணன். பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். அவர் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்.

"என்னங்க, நடந்து போகலீங்களா?"

"விட்டுட்டேனுங்க டீச்சரம்மா. நம்ம சங்கத்துல எட்டுப் பேரு விட்டுட்டோமுங்க. படிச்சவங்க நீங்க கணக்குப் போட்டுச் சொல்றீங்க, தப்பா இருக்குங்களா? எனக்கே தெரியாம எனக்கு மனசு சரியில்லாம இருந்திருக்குது பாருங்க. நான் பாட்டுக்கு நல்லா இருக்கறேன்னு நெனச்சுட்டுத் திரிஞ்சிருக்கறேன்."

ஒரு மனுஷனிடம் போய், அவர் சந்தோஷமாக இல்லை என்று நம்ப வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கைப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"தப்பு எம்மேலதானுங்க. பேரு மாத்தி ஒட்டிட்டேன். நீங்க பத்துக்குப் பத்துதானுங்க."

"அப்ப அந்தச் சைபரு?"

"அது மலச்சிக்கலுங்க."

"அதும் சரிதானுங்களே!" என்று அவர் போட்ட சத்தத்தில் கீரை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் வந்தது. ஏறவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்கத் தயாரானார்.

"அன்னிக்கு அத்தனை பேரு முன்னால உங்களைப் பாத்துச் சிரிச்சேனுங்க. கோவிச்சுக்காதீங்க" என்றேன்.

"சிரிச்சீங்களா? எப்பங்க?"

நடிக்கவில்லை. சுத்தமாக மறந்திருந்தார்.

பிப்ரவரி 14, சனி

சரியான பெயர்களோடு படத்தைப் புதிதாகப் போட்டேன். நேற்றிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கட்டத்துக்கு நேராகப் போனேன்: மறதிக்கு எதிரே மனநிறைவு.

புள்ளிகள் கீழ் மூலையிலிருந்து மேல் மூலைக்கு ஏறுகின்றன. மறதி கூடியவர்களுக்கு மனநிறைவும் கூடியிருக்கிறது. நாற்பத்தொன்பது கட்டத்திலும் இவ்வளவு தெளிவான ஏற்றம் வேறு இல்லை. இத்தனை நாளும் இந்தப் புள்ளிகளுக்கு 'மயக்கம்' என்று பெயர் ஒட்டியிருந்தேன். மறதியும் மயக்கமும் சேர்ந்து வருவது வயதானவர்களுக்கு இயல்பு என்று அரைப் பத்தியில் எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறேன்.

மூன்று தடவை சரிபார்த்தேன். நான்காவது தடவை வீட்டுக்காரரை உட்கார வைத்துப் படிவங்களை வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். அவர் வாசிக்கும்போது எல்லாருடைய மலச்சிக்கலுக்கும் ஒரு "ஐயோ பாவம்" போட்டுக்கொண்டே போனார்.

பிப்ரவரி 16, திங்கள்

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த அத்தியாயத்தை நான் மதுரைக் கருத்தரங்குல வாசிச்சிருக்கேன், தெரியுமா?"

"தெரியுங்கம்மா."

"அதுல அந்த நூத்தி முப்பத்தொண்ணாம் பக்கத்து வரியை ரெண்டு தடவை வாசிச்சேன்."

சிரிப்பு வந்துவிடுமோ அழுகை வந்துவிடுமோ என்று எனக்கே தெரியவில்லை.

"இருபதாம் தேதி குழு முன்னாடி நீயே இதைச் சொல்லு. எதையும் மறைக்காதே. கையெழுத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்."

அறைக் கதவைச் சாத்தும்போது, "அகரவரிசையில போடச் சொன்னது நான்தானே?" என்று கேட்டார். அது கேள்வியா, குற்றச்சாட்டா, மன்னிப்பா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

முடிந்தது. நடந்தது இதுதான்.

முதலில் தப்பான படத்தைக் காட்டினேன், பிறகு சரியான படத்தை. எந்தப் பெயர் எங்கே இடம் மாறியது என்று கோலைக் கொண்டு தொட்டுக் காட்டினேன். நான் 'மனநிறைவு' என்று கொண்டாடியது மலச்சிக்கல் என்று சொன்னபோது குழுவில் ஒருவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பாவம், சட்டை மாற்ற வேண்டியதாயிற்று. அம்மா சிரிக்கவில்லை.

வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் தாண்டவமூர்த்தி மட்டும் விடவில்லை.

"புது முடிவும் பிசகா இருந்தா? மறதிக்காரங்க மனநிறைவுக் கேள்விக்கு வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லியிருக்கலாமே அம்மா?"

"அதுக்காகத்தான் சார் வீட்டுல இருக்கறவங்க கிட்டயும் தனியா கேட்டு எழுதியிருக்கேன். பெண்டாட்டி, மகன், மருமக, யாரு இருந்தாலும். அவங்க சொன்ன எண்ணும் இதே மாதிரிதான் ஏறுது."

"மாமனார் நிறைவா இருக்கார்னு மருமககூடச் சொல்லியிருக்காளா?"

"மருமக ஒரு மார்க் கொறைச்சுத்தான் சார் போட்டிருக்காங்க. ஆனாலும் ஏறுது."

குழு என்னை வெளியே உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் பேசியது. தீர்ப்பு: ஐந்தாவது அத்தியாயத்தை 27ஆம் தேதிக்குள் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். தகுதியானதா என்று நெறியாளரே முடிவு செய்வார்.

ஏழு நாள். நாற்பத்திரண்டு பக்கம். அதிலும் அந்த நெறியாளர்.

பிப்ரவரி 22, ஞாயிறு

பதினொரு பக்கம். சமையல் வீட்டுக்காரர். ரசம் என்று ஒன்று வைத்தார்.

பிப்ரவரி 25, புதன்

முப்பத்து நான்கு பக்கம். சகாயமேரியிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்குங்க டீச்சர்?" என்றாள். இவளையும் ஆய்வில் சேர்த்திருக்கலாம்.

பிப்ரவரி 27, வெள்ளி

அம்மா ஐந்தாவது அத்தியாயத்தை என் எதிரிலேயே முழுதும் படித்தார். ஒரு மணி நேரம் இருபது நிமிடம். சிவப்புப் பேனாவின் மூடி திறந்தே இருந்தது. நான் அவர் மேசைமேல் இருந்த நாட்காட்டியில் நாளைய தேதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கம் முடிந்ததும் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு நீலப் பேனாவை எடுத்தார். மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டார். மூன்றாவதில் போடும்போது, தலை நிமிராமல் என்னைப் பார்த்து ஒன்று சொன்னார். ஆறு வருடத்தில் அவர் சொன்னதிலேயே அதுதான் கூர்மையானது. குத்திய இடம் பஸ்ஸில் வரும்போதும் வலித்தது.

ஆய்வேட்டை ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு வீடு வந்தேன். கால்கூடக் கழுவாமல் நாட்குறிப்பை எடுத்துத் தேதி போட்டு, அம்மா சொன்னதை எழுதப் போனேன். வீட்டுக்காரர் கதவருகே நின்று கேட்டார்.

"கையெழுத்துப் போட்டாங்களா?"

"போட்டாச்சு."

"அப்படியே சும்மாவா போட்டாங்க? ஏதாவது சொல்லியிருப்பாங்களே?"

"என்னமோ சொன்னாங்க. மறந்துட்டேன்."

அவர் உள்ளே வந்தார். பக்கத்தில் குனிந்து, புறங்கையை என் நெற்றியில் வைத்துக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தார்.